தானாகவே விலகியவர்

பஞ்சலிங்கம் பதினேழு நாள் ஆமிக் காம்பில் அடைபட்டு இருந்துவிட்டு வீடு திரும்பிய அன்று, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்ட முதற் கேள்வி, "அடிச்சவங்களோ?" என்பது. ஓம் என்றால் அடுத்த கேள்வி, "எங்கை?" என்பது. இரண்டாவது கேள்வியில்தான் அவர் மாட்டிக்கொண்டார். அடித்தது உண்மை. ஆனால் முதல் மூன்று நாள்தான் அடித்தார்கள். மிச்சப் பதினாலு நாளில் காயமெல்லாம் ஆறிப்போய், காட்டுவதற்கென்று முதுகில் மஞ்சளாக ஒரு திட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. வந்தவர்கள் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, நிறை குறைந்த சாமானை வாங்கியவர்கள் மாதிரி முகத்தோடு எழும்பிப் போனார்கள்.

அது 1985ஆம் ஆண்டு மாசி மாதம். காம்பிலிருந்து வருகிறவர் ஒன்றில் நொண்டிக்கொண்டு வரவேண்டும், இல்லாவிட்டால் எப்படி விட்டார்கள் என்று விளக்கம் சொல்லவேண்டும். திருப்தியான விளக்கம் சொல்லாத சிலரை விடியற்காலையில் மின்கம்பங்களில் காணக்கூடியதாக இருந்தது. கழுத்தில், காட்டிக்கொடுத்தவன் என்று ஒரு மட்டை தொங்கும். மட்டையில் எழுத்து நல்ல வடிவாக இருக்கும். எழுதியவர்கள் இயக்கங்களில் சேர்ந்த படித்த பிள்ளைகள்.

"கொஞ்ச நாளைக்கு நொண்டுங்கோவன்," என்றாள் அவருடைய மனைவி குணலட்சுமி.

"பொய்க்கோ?"

"உங்களுக்கு இஞ்சை ஆர் உண்மை கேட்டது?"

அவர் நொண்டினார். கோயிலுக்குப் போகும்போது இடது காலை நொண்டினார். சந்தையால் வரும்போது வலது காலை நொண்டினார். குணலட்சுமி வாசற் படலையடியில் நின்று அதைக் கண்டுவிட்டு, வாயைத் திறக்காமல் தன் இடது தொடையில் இரண்டு தரம் தட்டிக் காட்டினாள்.

திங்கட்கிழமை காலை அவர் வேலைக்குப் போனார். நெல்லியடிச் சந்தைக்குப் பின்னால் இருந்த நாமகள் சோடாக் கொம்பனியில் பதினாலு வருஷமாகச் சிரப் கலக்குவது அவருடைய வேலை. சீனியும் சாயமும் வாசனையும் எந்த அளவில் சேர வேண்டும் என்பது அவருக்கும் அவருடைய நாக்குக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். வாசலில் காவற்காரர் தம்பிஐயா, கேற்றைத் திறக்காமல் கம்பிக்கு இடையால் ஒரு கடித உறையை நீட்டினார்.

"முதலாளி தரச் சொன்னவர்."

"என்னவாம்?"

"எனக்கென்ன தெரியும். வாசிச்சுப்போட்டு எனக்கும் சொல்லும்."

கடிதம் நல்ல தமிழில் இருந்தது. 'தாங்கள் மாசி நான்காம் திகதி தொடக்கம் எவ்வித அறிவித்தலுமின்றிக் கடமைக்குச் சமூகமளிக்காதபடியாலும், மூன்று நாட்களுக்குள் திரும்புமாறு பதிவுத் தபால் மூலம் அறிவித்தும் திரும்பாதபடியாலும், தாங்கள் தாங்களாகவே வேலையை விட்டு விலகியதாகக் கருதப்படுகிறீர்கள்.'

பஞ்சலிங்கம் தான் தானாகவே விலகியதை நினைத்துப் பார்த்தார். மாசி நான்காம் திகதி காலை ஆறேகாலுக்கு, வேலைக்குப் போகிற வழியில், பால் சபையடியில் வைத்து ஒருவன் சேர்ட்டின் பின் கொலரில் பிடித்தான். இன்னொருவன் காலில் பிடித்தான். அவர் தானாகவே ட்ரக்கில் ஏறினார்.

முதலாளி சோமசேகரம் உள்ளே கூப்பிட்டுக் கதைத்தார். அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் கதைத்த நேரம் முழுக்கச் சுவரிலிருந்த கலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி, நான் எங்கை நிண்டனான் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

"எனக்கு ஒண்டும் தெரியாது. நீர் வரேல்லை. அவ்வளவுதான் தெரியும்."

"அவங்கள் விட்டால்தானே நான் வரலாம்."

"ஆர்?" என்று கலண்டரைக் கேட்டார் முதலாளி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இஞ்சை பாரும் பஞ்சலிங்கம். உம்மிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை. நாளைக்கு அவங்கள், உன்ரை ஆள் ஒருத்தன் எங்களட்டை நிண்டவன், நீ போத்திலுக்கை என்னத்தை அடைக்கிறனி எண்டு கேட்டு இஞ்சை வந்தால்? இஞ்சை பத்தாயிரம் போத்தில் கிடக்கு. அவங்களுக்குப் போத்தில் எண்டால் பெற்றோல் குண்டுதான். நான் ஆரிட்டைப் போறது?"

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"நான் சொல்லேல்லை," என்றார் முதலாளி. "நீரும் கேக்கேல்லை."

கடிதத்தில் சொல்லியிருந்த பதிவுத் தபால் பொய்யில்லை. அது உண்மையாகவே வந்தது. எங்கே வந்தது என்பதுதான் விசேஷம். ஒரு ஊழியர் இப்போது வசிக்கும் விலாசத்துக்கு அறிவித்தல் போனால்தான் செல்லும் என்று முதலாளிக்கு ஆரோ சட்டம் தெரிந்தவர் சொல்லியிருக்கிறார். முதலாளி சட்டத்துக்குப் பயந்தவர். ஆகவே, 'கதிரவேலு பஞ்சலிங்கம், மே/பா கட்டளை அதிகாரி, இராணுவ முகாம்' என்று விலாசமிட்டு, கையெழுத்து வாங்கித் திரும்பும் அட்டையும் இணைத்து அனுப்பிவிட்டார்.

காம்பில் ஐந்தாம் நாள் காலை. அன்றைக்கு விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். வெளியே கூப்பிட்டபோது பஞ்சலிங்கம் சேர்ட்டை மாட்டிக்கொண்டு போனார். மேசையில் ஒரு தபால் இருந்தது. அதிகாரி அட்டையைக் காட்டி, கையெழுத்து வை என்றான். வைத்தார். அட்டைக்குப் பின்னால் முகாமின் முத்திரையைக் குத்தி அனுப்பினார்கள். கடிதத்தை அவரிடம் கொடுக்கவில்லை. அங்கே தமிழ் வாசிக்க ஆளில்லை. கைதிக்கு ஒழுங்காகப் பதிவுத் தபால் வருகிறதென்றால் அவன் சின்ன ஆளாக இருக்க முடியாது என்று அதிகாரிக்குப் பட்டது. கடிதம் வாசிப்பதற்காக வேறொரு முகாமுக்குப் போனது. வாசித்து வர இன்னும் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும், கடிதத்தில் என்ன எழுதியிருக்கும் என்று நினைத்தபடி அவர் எழும்பி நின்றார். இரவில் படுத்துக்கொண்டு, தனக்கு யார் யார் கடிதம் போடக்கூடும் என்று எண்ணிப் பார்த்தார். கனடாவில் இருந்த மச்சான் ஒருவர்தான் நினைவுக்கு வந்தார். அந்த மச்சானை அவர் மனதார ஏசினார்.

பதினேழாம் நாள் அதிகாரி மொழிபெயர்ப்பை வாசித்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தான். "ஜொப் ஃபினிஷ்ட்," என்றான். அவனுக்கே ஒரு மாதிரியாகிப் போயிருக்க வேண்டும். மேசையில் இருந்து, சிங்களத்தில் ஒரு பக்கம் எழுதி, முத்திரை குத்தி, கையில் தந்தான்.

அந்தக் கடுதாசியையும் வேலைநீக்கக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு பஞ்சலிங்கம் கோப்பாய்க்குப் போனார். அங்கே நமசிவாயம் என்று ஓய்வுபெற்ற தலைமை இலிகிதர் ஒருவர் இருந்தார். கண்டியிலும் கொழும்பிலும் அரசாங்கத் தொழிற் கந்தோர்களில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். இப்போது வெங்காயத் தோட்டம் செய்துகொண்டு, வேலை போனவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார். அவரும் பயந்தவர்தான். ஆட்களைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், மோட்டரைப் போட்டுவிட்டுத்தான் கதைப்பார். மோட்டர்ச் சத்தத்தில் வேலிக்கு அப்பால் கேட்காது.

"தானாக விலகினது எண்டு சொல்லுறதுக்கு ரண்டு விஷயம் வேணும், தம்பி," என்றார் நமசிவாயம், வாய்க்காலில் நின்றபடி. "ஒண்டு, உடம்பு வேலையிலை இருக்கக் கூடாது. மற்றது, திரும்பிப் போற எண்ணம் மனசிலை இருக்கக் கூடாது. ரண்டும் சேர்ந்தால்தான் விலகினது. உம்மடை உடம்பு எங்கை நிண்டது எண்டு எனக்குச் சொல்ல வேண்டாம். மனம் எங்கை நிண்டது?"

"சிரப் தொட்டியடியிலை, ஐயா."

"அப்ப நீர் விலகேல்லை. அவர் உம்மை விலத்தினது. தொழில் நியாயசபைக்கு மனுப் போடலாம். அவர் காரணம் காட்டவேணும். காட்டாட்டில் திரும்பி வேலை தா, இடையிலை முறியாத சேவையெண்டு கணக்கெடு எண்டு சபை சொல்லலாம். அதுக்கு நீர் வர ஏலாத நிலைமையிலை இருந்தனீர் எண்டதுக்கு ஒரு எழுத்து வேணும்."

பஞ்சலிங்கம் இடுப்பிலிருந்து சிங்களக் கடுதாசியை எடுத்துக் கொடுத்தார். நமசிவாயம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

"என்ன எழுதியிருக்கு?"

"உமக்கு வேலை தேட உதவியா இருக்கட்டுமெண்டு நற்சான்றிதழ் தந்திருக்கிறான்."

"என்ன?"

"இவர் எங்கள் சமையலறையில் மிகவும் விருப்பத்துடன் உதவி செய்தார், நம்பிக்கையானவர், சுறுசுறுப்பானவர், எந்த வேலையிலும் அமர்த்தலாம் எண்டு எழுதி முத்திரை குத்தியிருக்கிறான்."

மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பதினாலு வருஷத்தில் முதலாளி ஒரு நியமனக் கடிதம்கூடத் தரவில்லை. ஆமி பதினேழு நாளில் நற்சான்றிதழ் தந்துவிட்டது. பஞ்சலிங்கம் வாய்க்கால் வரம்பிலேயே குந்திவிட்டார்.

"வெங்காயம்தான் உரிச்சனான், ஐயா. துவக்கோடை பக்கத்திலை நிண்டாங்கள்."

"அது இதிலை இல்லை." நமசிவாயம் கடுதாசியை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இதை வைச்சால் வழக்கு வெல்லும். ஆனால் மனுவோடை வைச்சால் முதலாளிக்கும் ஒரு பிரதி போகும். முதலாளியிட்டைப் போனால் நெல்லியடிக்கே போகும். வெல்லுற நேரம் வெண்ட ஆள் இருக்கவேணுமே. அந்தப் பதிவுத் தபால் உறை உம்மட்டை இருக்கோ?"

"அதையும் அவங்கள் வைச்சிட்டாங்கள்."

"அப்ப உம்மடை வாய்தான் சாட்சி. மனு எழுதுவம். அந்தச் சொல்லு வராமல் எழுதுவம்."

மனுவில், 'எனது கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் வேறிடத்தில் தங்க நேர்ந்தமையால்' என்று எழுதினார்கள். நற்சான்றிதழைக் குணலட்சுமி தலையணைக்குள் வைத்துத் தைத்தாள். அதற்குப் பிறகு பஞ்சலிங்கத்துக்கு அந்தத் தலையணையில் நித்திரை வரவில்லை. அவள் அதில் தலைவைத்து நல்லாய்த் தூங்கினாள்.

மனுப் போட்டது பங்குனியில். விசாரணைக்கு எடுத்தது ஆவணியில். இடையில் ஒரு யுத்தநிறுத்தம் வந்துவிட்டது. மனுப் போடும்போது சந்திகளில் நின்றது ஆமி. விசாரணைக்குப் போகும்போது ஆமி காம்புக்குள் இருந்தது, சந்திகளில் ஆயுதத்தோடு பெடியள் நின்றார்கள். எந்த இயக்கத்துப் பெடியள் என்று கேட்பது மரியாதையில்லை. இந்த ஐந்து மாதத்தில் பஞ்சலிங்கம் தெரிந்தவர்களுடைய கடைகளில் கணக்கில்லாத சில்லறை வேலை செய்தார். எந்தச் சந்தியைக் கடந்தாலும், கையைக் காட்டி நிறுத்துகிற பெடியன் கேட்கக்கூடிய ஒரே கேள்விக்கு, எப்படி விட்டவங்கள் என்பதற்கு, மனதுக்குள் விடை பாடமாக்கிக்கொண்டு போனார். விடை ஒவ்வொரு சந்தியிலும் வேறு மாதிரி வந்தது.

நியாயசபை யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய வீட்டின் முன்னறையில் கூடியது. மேசைக்குப் பின்னால் தலைவர், பக்கத்தில் தட்டெழுத்து அடிப்பவர். முதலாளிக்கு ஒரு சட்டத்தரணி, பரமலிங்கம் என்று பெயர். பஞ்சலிங்கத்துக்குப் பக்கத்தில் நமசிவாயம். பின் வாங்கில் இரண்டு இளந்தாரிகள் இருந்தார்கள். அடுத்த வழக்குக்கு வந்தவர்களாக இருக்கலாம். யாரும் கேட்கவில்லை. ஆனால் அறையில் இருந்த எல்லாரும் அவர்களுக்கும் கேட்கிற மாதிரி, அவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி கதைத்தார்கள்.

"மனுதாரர் மாசி நாலாம் திகதியிலிருந்து எங்கை இருந்தவர்?" என்று கேட்டார் தலைவர்.

"ஓரிடத்திலை நிண்டனான், ஐயா," என்றார் பஞ்சலிங்கம்.

"எந்த இடம்?"

"கடற்கரைப் பக்கம்."

பரமலிங்கம் எழும்பினார். "உல்லாசப் பயணமோ?"

"இல்லை, ஐயா. வரவேணுமெண்டு நினைச்சனான். வெளிக்கிட ஏலாமல் போச்சு."

"ஏன் ஏலாது? பஸ் ஓடேல்லையோ?"

"கதவு பூட்டியிருந்தது."

தட்டெழுத்து நின்றது. தலைவர் பின் வாங்கைப் பார்த்தார். பிறகு, "மனுதாரர் கதவு பூட்டிய ஓரிடத்தில் இருந்தார் என்று போடும்," என்றார். தட்டெழுத்து மறுபடி ஓடியது.

"கனம் தலைவர் அவர்களே," என்றார் பரமலிங்கம், "மனுதாரர் எங்கே நின்றார் என்பது எங்களுக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. எங்களுடைய கட்சிக்காரர் மூன்று நாள் தவணை கொடுத்துப் பதிவுத் தபாலில் அறிவித்திருக்கிறார். மனுதாரர் அதைத் தன் கைப்படப் பெற்றிருக்கிறார். பெற்றும் வரவில்லை. இது விலகல் இல்லாமல் வேறென்ன?"

"பெற்றதுக்கு அத்தாட்சி?"

சோமசேகரம் முதலாளி இந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தார். அவர் ஒரு துண்டுக் கடுதாசியையும் எறிகிற ஆளில்லை. கந்தோரில் பதினெட்டுக் கோவைகள் வைத்திருந்தார், கலியாண அழைப்பிதழ்களுக்குக்கூட ஒரு கோவை இருந்தது. அவர் எழும்பிப் போய், தபால் அட்டையைத் தானே நேரில் தலைவரின் மேசையில் வைத்தார். "அவரின்ரை கையெழுத்துத்தான், ஐயா. பாருங்கோ," என்றார்.

தலைவர் கையெழுத்தைப் பார்த்தார். அட்டையைத் திருப்பினார். திருப்பிய பிறகு அவர் கை அசையவில்லை. நமசிவாயம் எட்டிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஊதா மையில், சிங்கம் போட்ட வட்ட முத்திரை துலக்கமாக விழுந்திருந்தது. அதற்கு மேலே, முதலாளியுடைய சொந்தக் கையெழுத்தில், கட்டளை அதிகாரி, இராணுவ முகாம்.

"எதிர்மனுதாரர்," என்றார் தலைவர் மெதுவாக, "இந்த விலாசம் நீங்கள் எழுதினதோ?"

"ஓம், ஐயா. நானேதான்..." என்று தொடங்கிய முதலாளி பாதியில் நின்றார். மாசி மாதத்தில் அது வெறும் விலாசம். ஆவணி மாதத்தில், சோமசேகரம் என்பவர் முகாமின் கட்டளை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, முத்திரையோடு பதிலும் பெற்றிருக்கிறார். முதலாளியின் நெற்றியில் வேர்வை கிளம்புவதைப் பஞ்சலிங்கம் பார்த்தார். அவருக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. அதே அட்டையில் அவருடைய பெயரும் இருந்தது.

"இதைச் சான்றா அடையாளமிட்டால் வழக்கேட்டிலை இருக்கும்," என்றார் தலைவர். "வழக்கேட்டை ஆரும் பிரதி எடுக்கலாம். நான் இப்ப அடையாளமிடேல்லை. ரண்டு கிழமைத் தவணை தாறன். அதுக்குள்ளை ரண்டு பகுதியும் கதைச்சு ஒரு முடிவுக்கு வந்தால் எல்லாருக்கும் நல்லது."

எல்லாருக்கும் என்று சொன்னபோது அவர் தன்னையும் சேர்த்துக்கொண்டது தெரிந்தது. பின் வாங்கில் இருந்தவர்களில் ஒருவன் எழும்பி வெளியே போனான். சிகரெட் பத்தப் போயிருக்கலாம்.

முதலாளிக்குக் கார் இருந்தது. ஆனால் கார் வெளியே ஓடினால், அவசரத் தேவைக்கென்று பெடியள் வாங்கிப் போவார்கள். ஆகவே அவரும் பஸ்ஸில்தான் வந்திருந்தார். திரும்பிப் போகிற பஸ்ஸில், கோப்பாயில் நமசிவாயம் இறங்கும்போது பஞ்சலிங்கத்தின் காதில், "பழைய சேவை முறியாமல். எழுத்திலை. அதுக்குக் குறைஞ்சு ஒண்டுக்கும் ஓம் சொல்லாதையும்," என்று சொல்லிவிட்டு இறங்கினார். பஸ் வெளிக்கிட்டதும் முதலாளி எழும்பி வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தார். பதினாலு வருஷத்தில் இருவரும் ஒரே இருக்கையில் இருந்தது அன்றைக்குத்தான்.

"திங்கட்கிழமை வேலைக்கு வாரும்," என்றார் முதலாளி. "புதுசாச் சேர்ந்த மாதிரி."

"பதினாலு வருஷம், முதலாளி?"

"அதைப் பிறகு பாப்பம்."

"பிறகு எண்டால் அது போயிடும். போன சேவை சேவைக்காலப் பணத்துக்கும் வராது, லீவுக்கும் வராது. இடையிலை முறியேல்லை எண்டு எழுதித் தாங்கோ. தந்தால் நான் வழக்கைத் திருப்பி எடுக்கிறன். அட்டையை ஆரும் அடையாளமிட மாட்டினம்."

"என்னை வெருட்டுறீரோ?"

"நானோ? எனக்கே கால் நடுங்குது. பாருங்கோ."

முதலாளி குனிந்து பார்த்தார். உண்மையாகவே நடுங்கியது. பஸ் ஆட்டத்தோடு சேராமல் அது தனியாக நடுங்கியது.

"யோசிப்பம்," என்றார் முதலாளி.

வல்லைவெளிக்குள் பஸ் இறங்கியது. இரண்டு பக்கமும் வெறும் வெளி, காற்று, உப்புத் தண்ணீர். ஒரு வீடு இல்லை, ஒரு மரம் இல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கத்தில் சென்றி, பெடியளின் காவலரண். பஸ் நின்றது. துவக்குத் தோளில் தொங்க, இருபது வயது மதிக்கத்தக்க ஒருவன் ஏறினான். இருக்கை இருக்கையாகப் பார்த்துக்கொண்டு வந்தான். பஞ்சலிங்கத்துக்குப் பக்கத்தில் நின்றான்.

"அண்ணை எங்கை போட்டு வாறியள்?"

"யாழ்ப்பாணம்."

"என்ன அலுவல்?"

"ஒரு... கந்தோர் அலுவல்."

"என்ன வேலை செய்யிறியள்?"

பாடமாக்கி வைத்த விடை எதுவும் வரவில்லை. பஞ்சலிங்கத்தின் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது. "இப்ப வேலை இல்லை, தம்பி."

"ஏன் இல்லை? என்னத்துக்கு விட்டது?"

பஞ்சலிங்கம் கணக்குப் போட்டார். இவன் இறங்கு என்பான். இறக்கிக்கொண்டு போய் ஆறுதலாகக் கேட்பான். கேட்டால் காம்பு வரும், காம்பு வந்தால் எப்படி விட்டார்கள் வரும், அதற்குப் பிறகு தலையணை வரும். பஸ்ஸில் எல்லாரும் யன்னலால் வெளியே பார்த்தார்கள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

"கொஞ்சம் இறங்கி வாங்கோ, அண்ணை," என்றான் அவன்.

பஞ்சலிங்கம் எழும்பினார். பக்கத்தில் சோமசேகரம் முதலாளி அதே கணக்கை இன்னும் வேகமாகப் போட்டு முடித்திருக்க வேண்டும். இந்த ஆளை இறக்கினால் இவர் வாய் திறப்பார், இவர் வாய் திறந்தால் அட்டை வரும். அவர் பஞ்சலிங்கத்தின் சேர்ட்டைப் பிடித்து இழுத்து மீண்டும் இருத்தினார்.

"தம்பி, இவருக்கு இண்டைக்குச் சுகமில்லை, என்னவோ உளறுறார். இவர் எங்கடை ஆள். நாமகள் சோடாக் கொம்பனி. நான்தான் முதலாளி. பதினாலு வருஷமா எங்களட்டை வேலை. இடையிலை ஒரு நாள் முறிஞ்சதில்லை."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் இல்லை. ஒருக்காலும் தானா வேலையை விட்டு நிண்டதில்லை. மாசியிலையும் நிண்டதில்லை."

"மாசிக்கென்ன?"

"ஒண்டுமில்லை. ஒரு மாசத்தைச் சொன்னன்."

பெடியன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நாமகளோ? தோடம்பழச் சோடா நல்லது," என்றான். "இப்ப கொஞ்ச நாளா ருசி இல்லை." சொல்லிவிட்டு முன்னால் போய் இறங்கினான்.

பஸ் பாலத்தில் ஏறி இறங்கியது. பிறகு பஞ்சலிங்கம் சொன்னார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"முதலாளி, இப்ப சொன்னதை எழுதித் தாறியளோ?"

"வீட்டை போய்..."

"இப்ப தாங்கோ. பஸ்ஸிலை முப்பது பேர் கேட்டவை."

முதலாளி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கைப்பையிலிருந்து கொம்பனியின் கடிதத்தாள் ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்தார். பஸ் ஆடியது, கை ஆடியது, எழுத்து மேலும் கீழும் போனது. பஞ்சலிங்கம் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று தொடக்கம். இன்றுவரை. இடையறாது. முதலாளி 'இடையறாது' என்பதில் கொஞ்ச நேரம் பேனாவை நிறுத்தினார். யன்னலால் பின்னால் திரும்பிச் சென்றியைப் பார்த்தார். பிறகு எழுதிக் கையெழுத்து வைத்தார்.

நெல்லியடியில் இறங்கும்போது ஐந்து மணி. வெயில் இன்னும் இருந்தது. முதலாளியின் வீடு மேற்கே, பஞ்சலிங்கத்தின் வீடு கிழக்கே.

"என்னோடை படலை மட்டும் வாருமன்," என்றார் முதலாளி. "தனியப் போக ஒரு மாதிரிக் கிடக்கு."

பஞ்சலிங்கம் போனார். இருவரும் மேற்கே நடந்தார்கள். படலையைத் திறந்து உள்ளே போன முதலாளி, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்ட பிறகு, "திங்கள் ஏழு மணிக்கு," என்றார்.

திரும்பி வரும்போதுதான் தான் தனியாக நடப்பது பஞ்சலிங்கத்துக்கு உறைத்தது. கிடுகு வேலிகளுக்கு நடுவே ஒழுங்கை நீளமாகக் கிடந்தது. பின்னால் ஒரு சைக்கிள் வரும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. விலகி வேலியோடு நடந்தார். சைக்கிள் முந்திப் போகவில்லை. அவருடைய நடையின் வேகத்துக்கே வந்தது. அவர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். முதுகில், மஞ்சள் திட்டு இருந்து மறைந்துபோன இடம் குளிர்ந்தது.

"பஞ்சலிங்கம் அண்ணை எண்டுறது நீங்களோ?"

பெண் குரல். அவர் நின்றார். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி சைக்கிளை விட்டு இறங்கினாள். கரையோரப் பக்கத்தாள். கழுத்தில் சிலுவை, கைப்பிடியில் வெறும் மீன்கூடை.

"என்ரை பேர் லூர்த்தம்மா. பஸ்ஸிலை பின்னுக்கு இருந்தனான். முதலாளியிட்டை எழுத்து வாங்கினதைப் பாத்தனான். சந்தையடியிலை விட்ட சைக்கிளை எடுத்து, உங்கடை பேரையும் அங்கை விசாரிச்சுக்கொண்டு வாறன்." அவள் மூச்சு வாங்கினாள். "என்ரை மனிசன் ஐஸ் ஃபக்டரியிலை ஒன்பது வருஷம். போன வருஷம் ஆமி பிடிச்சு ரண்டு மாசம் வைச்சிருந்துபோட்டு விட்டது. இப்ப ஃபக்டரி எடுக்கமாட்டம் எண்டுது. என்ன செய்யலாம் எண்டு ஆரைக் கேட்டாலும் வாயைப் பொத்துகினம்."

ஆமி என்ற சொல்லை அவள் நடு ஒழுங்கையில், சாதாரணக் குரலில் சொன்னாள். பஞ்சலிங்கம் வலது பக்க வேலியைப் பார்த்தார். இடது பக்க வேலியைப் பார்த்தார். இந்தப் பெண் யார், யார் அனுப்பிக் கேட்கிறாள், ஒன்றும் தெரியாது. தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு நடக்கலாம். வீட்டுக்கு இன்னும் அரை மைல்தான்.

"கடிதம் ஏதும் தந்தவையோ?" என்று கேட்டார்.

"இல்லை. வாயாலைதான் சொன்னவை."

"அப்ப தானா விலகினன் எண்டு ஒண்டிலையும் கையெழுத்து வைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. நாள் கடத்தாமல் மனுப் போடவேணும். கோப்பாயிலை ஒராள் இருக்கிறார், நான் கூட்டிக்கொண்டு போறன். உங்கடை மனிசன் திரும்பி வேலைக்குப் போய்க் கேட்டவரோ? கேட்ட திகதி வேணும். அவர் விலகேல்லை, விலத்தினது எண்டு..."

காற்று வேலிக் கிடுகுகளை அடித்தது. லூர்த்தம்மா சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

"கொஞ்சம் பிலத்துச் சொல்லுங்கோ, அண்ணை. காத்துக்குக் கேக்கேல்லை."

பஞ்சலிங்கம் வேலியை ஒருமுறை பார்த்துவிட்டு, முதலில் இருந்து, கொஞ்சம் பிலத்துச் சொன்னார்.